கோழிகளுக்குக் காலைக் காட்சி

பகல் குறுகும் மாதங்களில் கோழி முட்டையைக் குறைத்துக்கொள்ளும் என்பது ஊரறிந்த செய்தி. அதை அறியாதவர் அத்தெருவில் ஒருவரே இருந்தார். அவரோ ஒளியைப் பற்றித் தமக்குத் தெரியாதது ஒன்றில்லை என்று நம்பியவர். முப்பத்திரண்டு ஆண்டுகள் திரையரங்கில் படம் ஓட்டியவர். தானே ஓடும் எந்திரம் ஒன்று வந்து அவரை வீட்டுக்கு அனுப்பிய பின்னும், தெருவார் அவரை ஆப்பரேட்டர் என்றே அழைத்தனர்.

வீட்டிலிருந்த ஓய்வைக் கழிக்கக் கொல்லையில் ஐந்து கோழிகளை வளர்த்தார். வால் சற்றே சாய்ந்த செங்கோழிக்குக் கதாநாயகி என்று பெயர். அவள் மேல் அவருக்கு உயிர். அவர் மனைவியோ, கீரைப் பாத்தியைக் கிளறும் அக்கூட்டத்தை முட்டைக்காகவே பொறுத்திருந்தாள். மூன்று வாரம் ஒரு முட்டையும் காணாதபோது தீர்ப்புச் சொன்னாள்:

"அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் கறிக்கடைக்காரர் வந்து அஞ்சையும் எடுத்துக்கிட்டுப் போகட்டும். சும்மா உக்காந்து சாப்பிட வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு."

வெளிச்சம் குறைந்ததே காரணமென்று தெருவார் சொல்லக் கேட்ட ஆப்பரேட்டர் அன்றே கூட்டில் ஒரு பல்பைத் தொங்கவிட்டார். மாலை மங்கியதும் விளக்கேற்றி, சோளப்பொரியைத் தூவி, பழைய வழக்கப்படி முன்னறிவிப்பின்றிப் பட்டென்று அணைத்தார். அரங்கில் இருள் சூழ்ந்தால் மக்கள் விசிலடிப்பர். கோழிகள் என்ன செய்யும்? அந்தி வெளிச்சம் மெல்லக் குறைகையில் கண்பார்த்துக் கம்பின் மேல் ஏறும் இனம் அது. ஏற நேரமின்றி, ஐந்தும் தரையிலேயே மூலையில் முட்டிமோதிக் கிடந்தன. விளக்கும் ஒரு நாள் ஏழுக்கு அணையும், ஒரு நாள் எட்டுக்கு. அவர் கண்ணயர்ந்த நாளில் எரியவே எரியாது. பொரியின் சுவை கண்டவை தீவனத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு வாரம் இப்படிப் போனபின் கதாநாயகி ஒரு முட்டையிட்டாள். தோல் மட்டும் போர்த்திய அது, அவர் எடுத்தபோதே கையில் வழிந்தது.

கால்நடை மருத்துவரம்மாவை அழைத்து வந்தார். அவர் கூட்டையும் பொரியையும் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"ஐயா, இது தியேட்டர் இல்லீங்க. இருட்டுல அதுங்களுக்குக் கண்ணு தெரியாது. விளக்கை விடியறதுக்கு முன்னால போடுங்க; சாயங்காலம் தானா இருட்டட்டும்."

மாலை ஆறுக்கு இருட்டுவதால் காலை நான்குக்கே விளக்கு எரிய வேண்டும். பதினான்கு மணி நேர வெளிச்சம், நாள் தவறாமல், நேரம் பிசகாமல். முட்டைக்கோழித் தீவனம் வயிறு நிறைய. ஓடு கெட்டிப்பட, நொறுக்கிய கிளிஞ்சல் தனிக் கிண்ணத்தில். பொரி கைப்பிடிக்கு மேல் கூடாது. எழ முடியாவிட்டால் தானே எரிந்து அணையும் டைமர் ஒன்றை மாட்டலாம் என்றும் அவர் சொன்னார். தானே இயங்கும் எந்திரத்தோடு தமக்குப் பழைய பகை உண்டென்று ஆப்பரேட்டர் அதை மறுத்துவிட்டார்.

காலைக் காட்சியே வேண்டாமென்று திரையரங்கு மேலாளரோடு ஆயுள் முழுதும் மல்லுக்கட்டிய மனிதர் நான்கு மணிக்கு எழுவதை மனைவி போர்வைக்குள்ளிருந்தே கேலி செய்தாள். மூன்றாம் வாரம் ஒரு நாள் அவர் விழித்தபோது மணி ஐந்து. கொல்லைக்கு ஓடினார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கிண்ணத்தில் தீவனம் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால், மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக் குறட்டை விட்டாள். அவள் செருப்பில் பனி ஈரம். அவரும் போர்வைக்குள் புகுந்துகொண்டார். கேட்டுவிட்டால் அடுத்த முறை விளக்கேற்ற ஆளிராது.

மாதக் கடைசியன்று கறிக்கடைக்காரர் கூடையோடு வாசலில் நின்றார். மனைவி கூட்டுக்குள் குனிந்தாள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தவள் கையில் ஒரு முட்டை.

"கடையில வாங்கி வெச்சது இல்லையே?" என்றாள் கணவரிடம்.

"சூடு இருக்கா பாரு."

கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். விரல் நகத்தால் தட்டினாள், ஓடு கணீரென்றது. கறிக்கடைக்காரரிடம், இம்முறை வேண்டாமென்று சொல்லியனுப்பினாள். அவர் கூட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"கோழிங்க நல்லாத்தான் இருக்குதும்மா. ஐயாதான் இளைச்சிட்டாரு."

மறுநாள் நான்கு மணிக்கு ஆப்பரேட்டரின் போர்வையை யாரோ இழுத்தனர்.

"எந்திரிங்க. ஜனங்க வந்து உக்காந்தாச்சு."