பந்தைப் பார்க்காத துண்டக்கா

எங்கள் கால்பந்து கிளப்பில் பத்தொன்பது வருடமாக ஒரு மேட்ச் விடாமல் ஆஜரானவர் ஒருவர்தான். அவர் ஒரு கோலைக்கூடப் பார்த்ததில்லை. வார நாட்களில் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நர்ஸ். சனிக்கிழமைகளில் மைதானத்தின் ஓரம், கோட்டிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிதான் அவர் இருப்பிடம். நாற்காலிக்கு அடியில் ஆரஞ்சு நிறப் பெட்டி ஒன்று இருக்கும். தாளம் தப்பிய இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுத்து வழிக்குக் கொண்டுவரும் பெட்டி. மழையானாலும் வெயிலானாலும் அவர் தோளை விட்டு இறங்காத துண்டு ஒன்றும் உண்டு. அதனால் அவர் துண்டக்கா.

"என்னக்கா, குளிக்கக் கிளம்பிட்டீங்களா?" என்பார்கள் ஆட்டக்காரர்கள்.

"உங்க பக்கத்துல உக்காந்தா வேற என்ன வழி?"

அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். கால்பந்து என்றால் உயிர். ஆனால் சனிக்கிழமைகளில் அவருக்கு டூட்டி. மாலையில் காக்கிச் சட்டையைக் கழற்றும் முன்பே விசாரணை தொடங்கிவிடும்.

"யாரு ஜெயிச்சா?"

"தெரியலைங்க. ஏழாம் நம்பருக்கு ரொம்ப மூச்சு வாங்குச்சு."

"கோலு யாரு போட்டா?"

"யாரோ போட்டாங்க போல. எல்லாரும் கத்துனாங்க."

"உன்னை அனுப்புறதுக்குப் பதிலா அங்க ஒரு கம்பத்தை நட்டு வெக்கலாம்!"

ஆனால் துண்டக்காவிடம் இதற்கு ஒரு கணக்கு இருந்தது. "பந்து வெச்சிருக்கறவனை ரெண்டாயிரம் பேரு பாக்குறாங்க. பந்து இல்லாதவனை யாரு பாக்குறது?" என்பார்.

போன வருடம் ஒரு தவறு செய்தார். எதிரணிக்காரர் ஒருவர் விழுந்ததும் பெட்டியோடு உள்ளே ஓடிவிட்டார். நடுவர் கையசைத்துக் கூப்பிடும்வரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது விதி. அந்த நேரம் பார்த்து எங்கள் ஆள் கோலுக்கு எதிரே தனியாக நின்றிருந்தார், ஆட்டம் நிறுத்தப்பட்டது. விழுந்தவர் நேரத்தைக் கடத்த விழுந்தவர். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்து, துண்டக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். நாங்கள் தோற்றோம்.

கிளப் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது: இன்னொரு முறை சைகை இல்லாமல் உள்ளே போனால் மைதானப் பொறுப்பு பறிக்கப்படும். அதை டைப் அடித்தவன் நான்தான். அழகாகத்தான் அடித்திருந்தேன். அவர் படித்துவிட்டு, மடித்து, ஆரஞ்சுப் பெட்டியின் மூடிக்குள் செருகிக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான் சார். விழும்போது அவன் கையை ஊனினான். நடிக்கிறவன் கட்டாயம் ஊனுவான். இதயம் நின்னவனுக்குக் கையிருக்கிற ஞாபகமே இருக்காது. பாத்துட்டும் ஓடினேன் பாருங்க."

இந்த வருட அரையிறுதி. பந்து மைதானத்தின் தொலைவான மூலையில். ரெண்டாயிரம் பேரும் அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நடுவரும்தான். இந்தப் பக்கம், சுற்றிலும் ஒருவருமில்லாமல், நாங்கள் நெட்டை என்று கூப்பிடும் எங்கள் தடுப்பாட்டக்காரர் நின்றிருந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். யாரிடமோ எதையோ கேட்க வாயெடுத்தவர் போல இருந்தது. அப்படியே விழுந்தார். கையை ஊனவில்லை. முகம் நேராகப் புல்லில் இடித்தது.

துண்டக்கா நடுவரைப் பார்த்தார். முதுகுதான் தெரிந்தது. பெட்டியைத் தூக்கினார், கடிதமும் கூடவே வந்தது. முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடுகிற ஐம்பத்திரண்டு வயதுப் பெண் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"ஏய் துண்டு, வெளிய போ!" என்று கூட்டம் கூச்சலிட்டது. அதைக் கேட்டுத்தான் நடுவர் திரும்பினார், விசிலை ஊதினார். அதற்குள் துண்டக்கா நெட்டையை மல்லாக்கப் புரட்டியிருந்தார். அணித் தலைவர் ஓடிவந்தார்.

"அக்கா, மூச்சு வருதுக்கா! கையை வேற இழுக்குறான், வலிப்பு போல."

"அது மூச்சில்லப்பா. வாய்தான் திறக்குது, நெஞ்சு ஏறுதா பாரு. ஏறல. மண்டி போடு. தலகாணியில சொல்லிக் குடுத்தேன்ல, அதே மாதிரி அமுக்கு. விடாம அமுக்கு."

பயிற்சி நாட்களில் தலையணையை அமுக்கச் சொன்னபோது அந்தத் தலைவர்தான் அதிகம் சிரித்தவர். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். துண்டக்கா கத்தரியால் நெட்டையின் சட்டையைக் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டினார். மார்பெல்லாம் வியர்வை, ஈரத்தில் பெட்டியின் ஒட்டுப்பட்டைகள் ஒட்டாது. தோளிலிருந்து துண்டு இறங்கியது. அழுத்தித் துடைத்தார், ஒட்டினார். பத்தொன்பது வருடக் கேலிக்கு அந்தத் துடைப்பில் விடை இருந்தது, சிரிக்கத்தான் ஆளில்லை.

"யாரும் தொடாதீங்க!"

உடல் ஒருமுறை தூக்கிப்போட்டது. மறுபடி அமுக்கினார்கள். இரண்டு நிமிடத்தில் நெட்டை முனகினார். விழுந்ததிலிருந்து மின்அதிர்ச்சிவரை எண்பது நொடிதான் என்று பிறகு வீடியோவைப் பார்த்துச் சொன்னார்கள்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெட்டைக்குப் பெரிய மனக்குறை. "வெட்டிட்டீங்களேக்கா, அது என் ராசியான சட்டை."

"ராசிதான்டா. இல்லைன்னு யாரு சொன்னா?"

அடுத்தது கிளப் கமிட்டியின் விசாரணை. நடுவர் நல்ல மனிதர். துண்டக்காவைக் காப்பாற்ற நினைத்து, தான் சைகை காட்டிய பிறகே அவர் உள்ளே வந்ததாக அறிக்கை எழுதிவிட்டார். எங்களுக்கெல்லாம் அப்பாடா என்றிருந்தது. துண்டக்கா கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்தது. அவர் பேனாவை மூடிவைத்தார்.

"நீங்க கை காட்டலையே சார்."

"காட்டினதா இருக்கட்டும்மா. உங்க நல்லதுக்குத்தான்" என்றார் நடுவர்.

"எனக்கு நல்லதுதான். நாளைக்கு அந்த நாற்காலியில வேற ஒருத்தர் உக்காருவாங்க. சைகை வந்துச்சு, ஆளு பிழைச்சான்னு எழுதி வெச்சா, அவங்களும் சைகைக்குக் காத்திருப்பாங்க. அன்னைக்கும் நீங்க முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா?"

நடுவர் தன் அறிக்கையைத் தானே கிழித்தார். கமிட்டி ஒரு மணி நேரம் கத்தியது. முடிவில் விதி மாறியது: யாரும் இடிக்காமல் ஒருவர் விழுந்தால் சைகை தேவையில்லை. ஆனால் மீறப்பட்டது பழைய விதியாயிற்றே! பொறுப்பைப் பறிக்க வேண்டாம், ஒரு மேட்சுக்கு மட்டும் தடை என்று கமிட்டித் தலைவர் தீர்ப்புச் சொன்னார். உயிரைக் காப்பாற்றியதற்குப் பாராட்டு, காப்பாற்றிய விதத்துக்குத் தண்டனை. இரண்டும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில். அதையும் நான்தான் டைப் அடித்தேன். இந்த முறை நாலு பிழை.

தடை நாளன்று நாற்காலியில் வேறொரு நர்ஸ். துண்டக்கா கேலரியில் கணவரோடு. சனிக்கிழமை டூட்டிக்கு லீவு போட்டு அவர் வந்திருந்தார். கல்யாணமானதிலிருந்து இருவரும் சேர்ந்து பார்க்கும் முதல் மேட்ச். இருபதாம் நிமிடம் கோல். கணவர் துள்ளியெழுந்து, முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தார்.

"பாத்தியா? எப்படிப் போட்டான், பாத்தியா?"

"நாலாம் நம்பர் குனிஞ்சவன் இன்னும் நிமிரலைங்க."

"எந்த நாலாம் நம்பர்?"

"அதோ, அந்த ஓரத்துல. இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு."

கணவர் மெதுவாக உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரும் அந்த ஓரத்தையே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் நாலாம் நம்பர் நிமிர்ந்து, ஷூ கயிற்றை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினார். இருவருக்கும் மூச்சு வந்தது.

அதற்குள் விழுந்த இரண்டாவது கோலை அவர்கள் இருவருமே பார்க்கவில்லை.