டாக்டர் அமலதாஸ் போகாத தோட்டம்

கொசுவைத் தேடி அலைந்த காலத்தில் டாக்டர் அமலதாஸை யாரும் பெரிதாகச் சட்டை செய்ததில்லை. மலாயாவில் சிம்பாங் ரெங்கத்தை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்து ஓடையில், மடித்துவிட்ட காற்சட்டையோடு, கையில் கரண்டியும் கண்ணாடிக் குழாயுமாக நின்றுகொண்டிருப்பார். மரங்களில் பால் வெட்டப் போகிறவர்கள், பாவம், மீன் பிடிக்கத் தெரியாத ஆள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

அந்த ஓடையில்தான் அவர் தன் பேர்சொல்லும் உண்மையைக் கண்டுபிடித்தார். அங்கே மலேரியாவைப் பரப்பும் கொசு, வெயில் படுகிற தெளிந்த நீரில்தான் முட்டையிடும். ஓடைமேல் கவிந்த காட்டை வெட்டினால் காய்ச்சல். விட்டுவைத்தால் சுகம். சும்மா இருப்பதே மருந்து. இதை 1921இல் கட்டுரையாக எழுதினார். எங்கோ யாரோ படித்துவிட்டார்கள். ஜொகூர் பாருவுக்குக் கூப்பிட்டு, அரசாங்கத்தின் சுகாதார ஆலோசகர் ஆக்கிவிட்டார்கள்.

ஆலோசகரானதும் அதே தோட்டத்துக்குக் காரில் போனார். அதுதான் பிசகு. பெரிய மனிதர் வருகிறார் என்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வெள்ளையடிப்பதும், கண்ணில் படுகிற புதரையெல்லாம் வெட்டுவதும் தோட்டத்து வழக்கம். கங்காணி சின்னத்தம்பி ஓடைக்கரையை மொட்டையடித்து வைத்திருந்தார்.

"யார் வெட்டச் சொன்னது, கங்காணி?"

"யாராச்சும் சொல்லணுமா ஐயா? நீங்க வர்ற நேரத்துல காடாக் கெடந்தா எங்களுக்கு அசிங்கம்லா."

அந்த மழைக்காலத்தில் லயத்தில் பாதிப் பேர் காய்ச்சலில் சுருண்டார்கள்.

ஆலோசனை செல்லாது, சட்டம்தான் வேண்டும் என்று அமலதாஸ் அரசியலில் இறங்கினார். கூட்டம் கூட்டமாய்ப் பேசினார். மாலைகளைச் சுமந்தார். ஒருவழியாகச் சட்டசபையில் இடம்பிடித்து, ஓடை நிழலை வெட்டக் கூடாதென்று சட்டமும் கொண்டுவந்தார். அதைக் கொண்டாட அந்தத் தோட்டமே அவரை அழைத்தது.

சபை உறுப்பினர் ஆயிற்றே, இந்த முறை மேளமும் இருந்தது. இடைப்பட்ட வருஷங்களில் வளர்ந்திருந்த காடுதான் இல்லை. வெட்டிய கிளைகளையே கொண்டுவந்து, கல்யாண வாசலில் வாழை கட்டுவதுபோல ஓடையின் இரு கரையிலும் ஊன்றி, குறுக்கே தோரணமும் தொங்கவிட்டிருந்தார்கள்.

"சட்டத்த மதிக்கிறோம் ஐயா. நெழலு இருக்கு, பாருங்க," என்றார் சின்னத்தம்பி.

"வெட்டிட்டுல்ல நட்டிருக்கீங்க?"

"வெட்டாம எப்படி ஐயா நடுறது?"

அமலதாஸ் வாடிய கிளையடியில் உட்கார்ந்து இளநீர் குடித்தார். வீடு திரும்பிக் கொஞ்ச நாளில் அவருக்கே குளிர்காய்ச்சல் வந்தது. மனைவி அமலோற்பவம் கொய்னா மாத்திரையை அவர் வாயில் போட்டார்.

"நீங்க கொசு புடிச்சப்போ அங்க மரம் இருந்திச்சு. இப்ப மரியாத இருக்கு."

"நான் என்னதான் செய்யட்டும்?"

"போகாதீங்க."

காய்ச்சல் இறங்கியதும் அமலதாஸ் சபையில் எழுந்து, அந்தத் தோட்டத்தில் இனிக் காலடி வைக்க மாட்டேன் என்று அறிவித்தார். காரணம் சொல்லவில்லை. தோட்டத்துக்கே தலைகுனிவாகிவிட்டது. சமாதானம் பேசச் சின்னத்தம்பி கோழியும் டுரியான் பழமுமாக ஜொகூர் பாருவுக்கு வந்தார். அடுத்த வருஷமும் வந்தார். அதற்கடுத்த வருஷமும்.

"ஒரு தடவ வந்துட்டுப் போங்க ஐயா. தோட்டத்துத் தொர முன்னால தல காட்ட முடியல."

"லயத்துல காய்ச்சல் எப்படி?"

"அதெல்லாம் கொறஞ்சிருச்சுங்க. ஆனா யாரு வர்றாங்கன்னு வெட்டுறது? ஓடப் பக்கம் ஒரே காடு. பாக்கச் சகிக்கல."

அமலதாஸ் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"அவ்வளவு அசிங்கமாவா இருக்கு? அப்ப நான் வரவே மாட்டேன்," என்று கோழியை வாங்கி உள்ளே அனுப்பினார்.