மேல் டிவிசன் மிஸ்

"காலை நீட்டு" என்று சொல்லிக்கொண்டுதான் ஜெகதீஸ்வரி வாசற்படி ஏறுவார். கர்ப்பிணியின் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை அழுத்தி எடுப்பார். வீக்கத்தில் குழி விழாவிட்டால்தான் குடையை மடக்குவார்.

இலங்கை மலையகத்தில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பதினொரு வருடமாக அவர்தான் மருத்துவமாது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் 'மிஸ்'. ஆண்கள் போடும் ரப்பர் சப்பாத்து. அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை சவர்க்காரம். கர்ப்பிணிக்குக் கொடுத்த திரிபோஷ சத்துமாவு வீட்டார் வயிற்றுக்குப் போயிருந்தால் கண்டுபிடித்துவிடுவார். "உருண்ட புடிச்சு என் முன்னால தின்னு" என்று உட்கார்ந்துவிடுவார். தின்று முடியும்வரை அசையமாட்டார்.

போன ஐப்பசியில், தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்த நிஷாந்தினியின் காலில் விழுந்த குழி நிரம்பவேயில்லை. எட்டு மாதம்; தலைச்சன்.

"தலவலிதாங்க மிஸ். கொழுந்துக் கூடக் கயிறு தலைய இழுத்த வலி."

"கண்ணு மங்கலா தெரியுதா?"

"காலையிலேருந்து."

பிரஷர் நூற்றெழுபதைத் தாண்டியிருந்தது. வலிப்பு வந்தால் தாய், பிள்ளை இரண்டுமே போய்விடும். ஜெகதீஸ்வரி அதைச் சொல்லிவிட்டு, உடுப்பு எடுத்து வைக்கச் சொன்னார்.

மாமியார் ரெங்கம்மா வாசலை மறித்து நின்றார். "வெள்ளிக்கெழம வளைகாப்புங்க. நான் அஞ்சு பெத்தேன், இதே காம்பராவுல."

"அஞ்சுல எத்தன இருக்கும்மா?" ஜெகதீஸ்வரி குரலை உயர்த்தவில்லை.

"மூணு" என்றார் ரெங்கம்மா. அவரே போய் மருமகளின் கம்பளியை எடுத்து வந்தார்.

மண் சரிந்த பாதையில் ஆம்புலன்ஸ் ஏறாது. பெரிய ரோட்டில் வந்து நிற்கச் சொல்லிப் போன் செய்தார். ஐந்து கிலோமீட்டர் இறங்க வேண்டும். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி வரும் சத்தம் கேட்டதும் பாதையின் நடுவில் போய் நின்றார்.

"தோட்டத்துத் தொர ஏசுவாருங்க மிஸ்" என்றான் டிரைவர் தயாபரன்.

"தொரகிட்ட நான் பேசிக்கிறேன். கொழுந்து அர மணி பிந்தினா ஒண்ணும் ஆவாது. கதவைத் தெற."

முன் சீட்டில் நிஷாந்தினியைத் தோளோடு அணைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு பேச்சுக் கொடுத்தபடியே இறங்கினார். ஆம்புலன்ஸ் கொண்டுபோய்ச் சேர்த்த பதுளை ஆஸ்பத்திரியில் அன்று மாலையே சத்திரசிகிச்சை. பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மூன்று வாரம் கழித்துத் தாயும் மகளும் லயத்துக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் ஜெகதீஸ்வரி போனபோது ஒற்றை அறைக் காம்பரா நிறையச் சனம். பிள்ளைக்கு யார் மூக்கு என்று பெரிய வழக்கு. "மிஸ், தூக்குங்க" என்று ரெங்கம்மா நீட்டினார். ஜெகதீஸ்வரி குழந்தையை வாங்கி, நிறம் பார்த்து, மூச்சுப் பார்த்து, "நல்லா இருக்கா" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு, மூலையில் தனியாக உட்கார்ந்திருந்த நிஷாந்தினியிடம் போனார். பல நாளாகச் சீப்புப் படாமல் சடைபிடித்துக் கிடந்த அவள் தலைமுடியைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சிக்காக எடுக்கத் தொடங்கினார்.