கட்டுக்காரம்மாவிடம் கருத்துக் கேட்டார்கள்

கட்டுக்காரம்மாவுக்கு யாரையும் சட்டென்று நம்பி வழக்கமில்லை. பால்காரர் சிரித்தால் பாலைப் பார்ப்பாள். ஸ்கூட்டர் மெக்கானிக், "ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு திருகு" என்றால், எந்தத் திருகு என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் நிமிர்வாள். இதைக் குறை என்று சொல்ல முடியுமா? புண்ணைப் பார்த்துப் பார்த்து வந்த புத்தி அது. மேலே தோல் மூடி அழகாக ஆறிவிட்ட மாதிரி இருக்கும். உள்ளே சீழ் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஓரத்தில் அழுத்திப் பார்க்காமல் எதையும் ஆறிவிட்டது என்று அவள் சொல்ல மாட்டாள்.

நடமாட முடியாதவர்களின் வீடு தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது அவள் தொழில். அதனால்தான் அந்தப் பெயர். ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள், அங்கே தலைமை நர்ஸோடு ஒத்துப்போகாமல், உரிமம் வாங்கிக்கொண்டு தனியாக இறங்கிவிட்டாள். ஸ்கூட்டரின் பின்னால் ஒரு பெட்டி: காஸ் துணி, பஞ்சு, உப்புத் தண்ணீர் பாட்டில், கையுறை, கத்தரிக்கோல். முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு பை. அது முழுக்கக் காகிதம். மழை வந்தால் அவள் முதலில் மூடுவது தன் தலையை அல்ல, அந்தப் பையைத்தான்.

ஒரு வீட்டுக்கு ஒரு தடவை போனால் அரசாங்கத்துக்கு ஒரு படிவம். புண்ணின் நீளம், அகலம், நிறம், யார் வீட்டில் இருந்தார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள், எல்லாம் அதில் ஏற வேண்டும். படிவம் சரியாக இருந்தால்தான் அந்த வருகை கணக்கில் சேரும். சேராவிட்டால் அடுத்த முறை அந்த வீட்டுப் படி ஏற அனுமதி கிடையாது. இரும்பு கேட்டுகளுக்கு வெல்டிங் வைக்கும் அவள் புருஷன் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொல்வார்: "நம்ம வீட்டுல காகிதம் மேஜையில சாப்பிடுது, நாம தரையில சாப்பிடறோம்."

தொழிலுக்கு வந்த புதிதில், 'முந்தைய பெயர் இருப்பின்' என்ற ஒரு கட்டத்தை அவள் காலியாக விட்டுவிட்டாள். முந்தைய பெயர் இல்லை, அதனால் எழுதவில்லை. அந்த மாதக் காகிதம் மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கட்டத்தையும் அவள் காலியாக விட்டதில்லை. எழுத ஒன்றும் இல்லையா, 'பொருந்தாது' என்று போட்டுவிடுவாள். அவள் மட்டுமல்ல, அந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் அதே கைப்பழக்கம். புருஷன் ஒரு நாள், "என்ன கோபம் இன்னிக்கு?" என்று கேட்டதற்குக்கூட, நிமிராமலே, "பொருந்தாது" என்றாளாம்.

இப்படி இருக்கும்போதுதான் படிவங்களை வாங்கும் ஆபீசிலிருந்து அந்த உறை வந்தது.

உள்ளே இரண்டு தாள். முதல் தாளில், வரப்போகிற புது விதி. இதுவரை நோயாளியால் முடியாவிட்டால் வீட்டில் உள்ளவர் கையெழுத்துப் போடலாம். இனிமேல் நோயாளியேதான் போட வேண்டும். அதுவும் பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது தாளின் தலைப்பில், 'இது குறித்துப் பொதுமக்களும் சேவை அளிப்போரும் தங்கள் கருத்துகளைத் தெரிவிக்கலாம்' என்றிருந்தது.

முதல் தாளைப் படித்ததும் அவள் கட்டு மாற்றிவரும் ஒரு தச்சரின் கால் ஞாபகம் வந்தது. இரண்டாவது தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"எதுக்கு நம்மகிட்ட கேக்கறாங்க?" என்றாள் புருஷனிடம்.

"அதானே. இத்தனை வருஷமா கேட்டாங்களா?"

"கேக்காம செஞ்சா திட்டலாம். கேட்டுட்டு செஞ்சா திட்டவும் முடியாது."

"அதுக்கும் மேல இருக்கு. யாரு முணுமுணுக்கறாங்கன்னு தெரிஞ்சுக்க இது ஒரு வழி. நீ பாட்டுக்கு எதையாவது எழுதிவெச்சுட்டு வராதே."

மறுநாள் தச்சர் வீட்டுக்குப் போனாள். தச்சருக்குச் சர்க்கரைப் புண். குதிகாலில் வந்து, கணுக்கால் வரை ஏறப் பார்த்ததைப் பிடித்து நிறுத்தி, இப்போதுதான் ஓரத்தில் சிவப்பாகச் சதை வளரத் தொடங்கியிருந்தது. கட்டு மாற்றுவது கொஞ்ச நாள் நின்றாலும் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதோடு, பக்கவாதம் வந்து போனதில் வலது கை சொன்னபடி கேட்காது. இதுவரை அவர் மனைவிதான் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் ஓரமாகப் பிளாஸ்டிக் தாளை விரித்து, மண்டியிட்டு உட்கார்ந்து, பழைய கட்டைப் பிரித்து முதலில் முகர்ந்து பார்த்தாள். கெட்ட வாடை இல்லை. அப்புறம்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"அண்ணே, ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டுங்க."

தச்சர் பேனாவை வாங்கினார். அது காகிதத்தில் தொடங்கி, ஓரத்தைத் தாண்டி, அட்டையில் இறங்கி, அவர் வேட்டியில் போய் நின்றது.

"பாத்தியா தங்கச்சி, என் கையெழுத்து இப்பல்லாம் வெளியூர் போயிட்டு வருது" என்றார்.

தச்சரின் மனைவி சிரிக்கவில்லை. "கைநாட்டு வெக்கலாமே?" என்றாள்.

"பதிவுல கையெழுத்துன்னு இருக்கு அண்ணி. கைநாட்டுன்னு மாத்தணும்னா அண்ணனே நேர்ல ஆபீசுக்கு வரணும். ஆபீஸ் மாடியில இருக்கு. லிப்ட் கிடையாது."

"காலு சரியில்லாதவங்க விஷயத்தை மாடியில வெச்சிருக்காங்களா?"

"வரவங்க கொறையட்டும்னுதான் வெச்சிருப்பாங்க."

"நான் கைநாட்டு வெக்க மாட்டேன்" என்றார் தச்சர். "கையெழுத்துப் போட்டுப் பழகினவன் கடைசியில விரலை மையில தோய்க்கணுமா?"

"உங்க கௌரவத்தைப் பரண்ல வைங்க. காலு போனா கௌரவத்துக்கு எது நிக்கும்?" என்றாள் மனைவி. பிறகு கட்டுக்காரம்மாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நீ வர முடியாமப் போயிடுமா?" என்று கேட்டாள்.

கட்டுக்காரம்மா காஸ் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் மருந்துக்கடை வாசலில் அவள் தொழில்காரர்கள் கூடினார்கள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவர், கை கால் பயிற்சி கொடுக்கும் இளைஞன், பிரசவித்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மா, இன்னும் சிலர். எல்லார் கையிலும் அதே உறை. ஒருவரும் அதை முழுசாகப் பிரித்துக் காட்டவில்லை.

"நான் ஒண்ணும் எழுதப் போறதில்லை" என்றார் ரத்தம் எடுப்பவர்.

"எழுதாம விட்டா, 'இவன் ஏன் எழுதலை'ன்னு ஒரு பட்டியல் போடுவாங்க" என்றாள் பெரியம்மா.

"எழுதினா?"

"'இவன் ஏன் எழுதினான்'னு இன்னொரு பட்டியல்."

பயிற்சி கொடுக்கும் இளைஞன்தான் அந்த யோசனையைச் சொன்னான். எல்லாரும் ஒரே மாதிரி எழுதிவிட்டால் யாரையும் தனியாகப் பிடிக்க முடியாது. என்ன எழுதுவது? எல்லார் கைக்கும் பழகிய வார்த்தை ஒன்று இருக்கிறதே. 'இந்த விதியால் உங்களுக்கு ஏற்படும் சிரமம்' என்ற கட்டத்தில் பொருந்தாது. 'மாற்று யோசனை' என்ற கட்டத்தில் பொருந்தாது. பெயர் கட்டாயமில்லை என்று போட்டிருந்ததால், பெயர் கேட்ட இடத்திலும் பொருந்தாது. கட்டுக்காரம்மாவும் எழுதினாள். எழுதி உறையில் போட்டு ஒட்டும்போது மனசு லேசாகிவிட்டது. புத்திசாலித்தனமாக நழுவிவிட்டோம் என்று எல்லாரும் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

கருத்துச் சொல்லக் கடைசி நாள் என்று போட்டிருந்த அன்றைக்கு, அவள் மாதாந்தரப் படிவங்களைக் கொடுக்க ஆபீசுக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் கிளார்க் அம்மாள் ஒரு பெரிய காகிதக் கட்டை ஸ்டேப்ளரால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் என்ன மேடம்?" என்று கட்டுக்காரம்மா கேட்டாள், தெரியாதது மாதிரி.

"கருத்து, சிஸ்டர். உங்க ஆளுங்க அனுப்பினதுதான். நல்லவேளை, யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை. எல்லாரும் பொருந்தாதுன்னே எழுதியிருக்கீங்க."

"அப்ப?"

"சிரமம்ங்கற கட்டத்துல பொருந்தாதுன்னா சிரமம் இல்லைன்னுதானே அர்த்தம்? ஆட்சேபணை ஏதுமில்லைன்னு மேல போகுது. விதி வந்துடும்."

கட்டுக்காரம்மா அந்தக் காகிதக் கட்டைப் பார்த்தாள். யார் கண்ணிலும் படாமல் இருக்க எழுதிய வார்த்தை, தச்சர் வீட்டுக் கதவை அவள் முகத்தில் சாத்துகிறது. எழுதியது அவள் கைதான்.

"நாங்க அந்த அர்த்தத்துல எழுதலை மேடம்."

"வேற எந்த அர்த்தத்துல எழுதினீங்க?"

அதற்குப் பதில் சொன்னால் தானே போய் மாட்டிக்கொள்வோம் என்று தோன்றியது. கொண்டுவந்த படிவங்களை ஜன்னல் வழியாக நீட்டினாள். கிளார்க் அம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "கேட்டா நம்ப மாட்டீங்க. கேக்கலைன்னா ஏன் கேக்கலைம்பீங்க. பேருங்கற இடத்துலகூட பொருந்தாதுன்னு எழுதினவங்களை நான் என்னன்னு சொல்றது?" என்று இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்து ஜன்னல் வழியாகத் தள்ளினாள். "ஆபீஸ் மூடற வரைக்கும் டைம் இருக்கு. நான் எழுதச் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

இவள் ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறாள்? இதுவும் கண்ணியோ? கட்டுக்காரம்மா தாளை எடுத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து புருஷனுக்குப் போன் போட்டாள்.

"எழுதாதே" என்றார் அவர். பின்னால் இரும்பு அறுபடும் சத்தம். "சரி, எழுதினாலும் பேரைப் போடாதே."

"பேரு இல்லாத காகிதத்தைக் குப்பையில போடுவாங்க."

"பேரோட இருக்கற காகிதத்தை வெச்சு உன்னைப் போடுவாங்க. உரிமம் போச்சுன்னா என்ன செய்வே?"

"அண்ணன் காலு போச்சுன்னா என்ன செய்யறது?"

அந்தப் பக்கம் அறுக்கும் சத்தம் நின்றது. "உனக்குச் சொன்னா கேக்கவா போறே" என்றார். போனை அவர் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை.

பிறகு எழுதினாள். கட்டங்களுக்குள் அடங்காமல் எழுதினாள். நான் போகும் ஒரு வீட்டில் ஒருவருக்குக் கை வராது. அவர் கையெழுத்து ஒரு தடவை போல மறு தடவை இருக்காது. அவர் மனைவியின் கையெழுத்து ஒழுங்காக இருக்கிறது. அந்த வீட்டில் அவள்தான் எல்லாம் பார்க்கிறாள். இந்த விதி வந்தால் நான் அங்கே போக முடியாது; போகாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும். முன்னே பொருந்தாது என்று அனுப்பியதில் ஒன்று என்னுடையது. அது தப்பு. கடைசியில் தன் பெயரையும் உரிம எண்ணையும் எழுதினாள். கொண்டுபோய் ஜன்னலில் கொடுத்தாள்.

அப்புறம் வந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். வாசலில் யார் பெல் அடித்தாலும் புருஷனைத்தான் திறக்கச் சொல்வாள். மருந்துக்கடை வாசலில் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவது போல இருந்தது. நிஜமாகவே நிறுத்தினார்களா, இவளுக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியாது.

ஒரு நாள் தச்சர் வீட்டில் கட்டுப் பிரித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒல்லியாக ஒருவர். ஆபீசிலிருந்து வருவதாகச் சொன்னார். கட்டுக்காரம்மா எழுந்திருக்கவில்லை. பிரித்த காஸ் துணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி தச்சரிடம் அட்டையை நீட்டினார். "ஐயா, ஒரு கையெழுத்து."

"எங்க போடணும், சொல்லுங்க. அது எங்க போகும்னு நான் சொல்ல முடியாது" என்றார் தச்சர்.

போட்டார். இன்னொன்று போடச் சொன்னார் அதிகாரி. அதையும் போட்டார். ஒன்று மேலே ஏறியிருந்தது, ஒன்று கீழே வழிந்திருந்தது. அதிகாரி இரண்டையும் பார்த்தார், திறந்து கிடந்த குதிகாலையும் பார்த்தார். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முதல்ல பொருந்தாதுன்னு எழுதினது நீங்கதான், சிஸ்டர். நீங்க சொல்லாட்டியும் தெரியும். மாசாமாசம் உங்க எழுத்தைப் பாக்கறோமே. அப்புறம் ஏன் மாத்தினீங்க?"

நினைத்தது சரிதான். பெயர் போடாவிட்டாலும் தெரிந்திருக்கிறது.

"முதல்ல எழுதினது என் பயத்துக்கு, சார். ரெண்டாவது எழுதினது இந்தக் காலுக்கு."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். அவள் கழுத்தை நீட்டிப் பார்ப்பதற்குள் அட்டையை மூடிவிட்டார்.

விதி வந்தே விட்டது. ஆனால் அதில் ஒரு வரி கூடியிருந்தது: நோயாளிக்குக் கை இயங்காவிட்டால் வீட்டில் உள்ளவர் கையெழுத்துப் போடலாம், அதற்கான காரணத்தை ஒவ்வொரு தடவையும் தனியாக இன்னொரு படிவத்தில் எழுதி இணைக்க வேண்டும்.

"காகிதம் ஜாஸ்தின்னு சொன்னா, அதுக்கு ஒரு காகிதம் குடுக்கறாங்க" என்றார் தச்சர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி.

அவர் மனைவி புதுப் படிவத்தை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். மை காய்வதற்காக ஊதினாள்.

"அப்ப அவங்க நல்லவங்கதான், இல்ல? நீ எழுதினதைக் கேட்டாங்களே" என்றாள்.

கட்டுக்காரம்மா அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள்.

"கேட்டாங்க. இனிமே எதைப் போட்டாலும், உங்களைக் கேட்டுத்தான் போட்டோம்னு சொல்லவும் சொல்வாங்க, அண்ணி. அடுத்த தடவை கேக்கட்டும், அப்பவும் எழுதறேன். நம்பறது வேற விஷயம்" என்றாள். "நீங்க அந்தத் தலகாணியை எடுத்து அண்ணன் முட்டிக்குக் கீழ வைங்க. ஓரத்துல ஒரு இடம் எனக்கு இன்னும் சந்தேகமாத்தான் இருக்கு. அழுத்திப் பாக்கணும்."