வெள்ளவத்தைக் கடலில் நிற்கிறவன்

என் தம்பி கடலுக்குள் போகவில்லை. கொள்ளுப்பிட்டிக் கடையொன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவனை, ஒரு காலை வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றபோது வான் வண்டியொன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போர் முடிவதற்கு முந்திய காலம். பக்கத்துப் பேக்கரிக்காரர் கண்டார். பிறகு, தான் ஒன்றும் காணவில்லை என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அவனுடைய படத்தோடு அம்மாவும் நானும் பொலிஸ், முகாம், ஆணைக்குழு என்று அலைந்தோம். அம்மா சிங்களத்தில் பாடமாக்கிய ஒரே வசனம், "மகே புத்தா கோ?" என் மகன் எங்கே?

பல வருடங்கள் கழித்து, எங்கள் தொடர்மாடியில் குடியிருக்கும் எழுத்தாளர் ஒரு நாவல் வெளியிட்டார். அதில் வெள்ளவத்தை இளைஞன் ஒருவன் தண்டவாளத்தைக் கடந்து கடலுக்குள் நடந்துபோகிறான். சாவதில்லை. மாலைகளில் அலைகளுக்கு நடுவே நின்று, காணாமல்போன எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். தண்டவாளத்தில் போகிற கோச்சி கூட நின்று கேட்கிறது. அழகாகத்தான் எழுதியிருந்தார். வாசித்து நானும் அழுதேன்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கனடாவிலிருந்து லீவில் வந்தவர்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள். தண்டவாளத்துக்கு அப்பால், கற்களில் பூ வைத்துப் படம் எடுத்தார்கள். கொஞ்ச நாளில் அம்மாவும் மாலையானால் அங்கே போய் உட்கார்ந்தார்.

நான் எழுத்தாளரிடம் போனேன்.

"அண்ணை, அடுத்த பதிப்பிலயாவது அந்த வானைப் போடுங்கோ."

"தங்கச்சி, அது உம்மட தம்பி இல்ல. அது இந்த நகரத்தின்ர துக்கம்."

"அப்ப என்ர தம்பி எங்க, அண்ணை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேத்தண்ணி குடிக்கிறீரா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "அது கதை அம்மா! அவனை வானில ஏத்தினவங்கள்."

"தெரியும் பிள்ளை," என்றார் அம்மா. "கடலுக்க அவனை ஒருத்தரும் அடிக்க மாட்டினம்."

போன மாதம் மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தமிழ் தெரிந்த இளம் அதிகாரி. கடைசியாக அவன் என்ன உடுப்பு போட்டிருந்தான் என்று கேட்டார்.

"வெள்ளைச் சேட்டு," என்றார் அம்மா. "கால்சட்டையை முழங்கால் மட்டும் மடிச்சு விட்டிருந்தவன்."

அது நாவலில் வருகிறவனின் உடுப்பு.

"நீலக் கோடு போட்ட சேட்டு," என்றேன். "நான்தான் அயர்ன் பண்ணிக் குடுத்தனான்."

அதிகாரி பேனையை வைத்தார். "ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ, அம்மா." கேலியாகச் சொல்லவில்லை. வெளியே வாங்கில் உட்கார்ந்து இன்னும் எத்தனையோ தாய்மார் காத்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது ஹெவ்லொக் டவுனில் த்ரீவீல் நெரிசலில் மாட்டிக்கொண்டது. நான் கண்ணை மூடி அந்தக் காலையை நினைத்துப் பார்த்தேன். சூடான அயர்ன், சேட்டுக்குள் அவசரமாகக் கையை நுழைக்கும் தம்பி. நீலம் வரவில்லை. திரும்பத் திரும்ப வெள்ளைதான் வந்தது. கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு அவன் எங்கள் ஹோலில் நின்றான்.

த்ரீவீலை நிறுத்தச் சொல்லி இறங்கி, நடைபாதையில் குந்திவிட்டேன்.

"என்ன பிள்ளை, என்ன செய்யுது?" என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.