சில்வண்டின் காலி பலூன்

செருப்புக் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில் இருந்தது கத்திரி அக்காவின் முடிவெட்டும் கடை. பெண்களுக்கு மட்டும் என்று கதவில் எழுதியிருக்கும். உள்ளே இரண்டு சுழல் நாற்காலி, சுவரை அடைத்த ஒரு நிலைக்கண்ணாடி, முடி காயவைக்கும் மிஷின் ஒன்று. மிஷின் பாதி நாள் சண்டித்தனம் பண்ணும். அக்கா பேசவே மாட்டாள். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு வாயைக் கட்டுவது சாமானியமான காரியமா? ஊர்க் கதையெல்லாம் அந்த நாற்காலியில் வந்து இறங்கும். அவள் "ம்" கொட்டுவாள், "தலையைக் குனிங்க" என்பாள், அவ்வளவுதான். இவள் காதில் விழுந்தது வெளியே போகாது என்று தெரிந்ததால், வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் பெண்கள் அங்கேதான் வந்து கொட்டினார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. நெற்றிமுடி வெட்டினால் அளவுகோல் வைத்த மாதிரி நேராக இருக்க வேண்டும். யாராவது, "பேப்பர்ல வர்ற சில்வண்டு மாதிரி கோணலா வெட்டுங்க" என்று கேட்டுவிட்டால் போச்சு. "அது இங்க கிடையாது" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடுவாள்.

சில்வண்டைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. நாளிதழின் கடைசிப் பக்கத்தில், அடி மூலையில், நாலே நாலு கட்டம். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, கோணலாக வெட்டிய நெற்றிமுடி, ஓயாத வாய். எதிரே மூக்குக்கண்ணாடி போட்ட அப்பா. அப்பா எதையாவது பெரிய மனுஷத்தனமாகச் சொல்வார். கடைசிக் கட்டத்தில் அவள் ஒரே போடு போடுவாள், அப்பாவின் கண்ணாடி மூக்கில் வழுக்கிக்கொண்டு இறங்கும். சமாசாரம் இவ்வளவுதான். இதற்காக ஊரே பேப்பரைப் பின்பக்கமிருந்து படித்தது. ஆட்சிகள் மாறின, பேப்பர் விலை ஏறியது, பக்கத்திலேயே இருந்த ராசிபலன்கூட உள்ளே இடம் மாறிப் போனது. சில்வண்டு மட்டும் அதே மூலையில், அதே பதினைந்து வயதில் இருந்தாள். வரைந்தவருக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு பழசையே திரும்பப் போட்டார்கள். பாதிப் பேருக்கு அது பழசு என்றே தெரியவில்லை. தெரிந்தவர்களோ, அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்ததற்காகவே படித்தார்கள்.

இப்போது கடைக்கு வருகிற யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அந்தச் சில்வண்டு இந்தக் கத்திரி அக்காதான். வரைந்தவர் அவளைப் பெற்ற அப்பா.

அப்பா வேலை செய்கிற விதமே தனி. முதல் மூன்று கட்டங்களைக் கடகடவென்று வரைந்துவிடுவார். நாலாவதில் பெண்ணின் பேச்சை எழுத வேண்டிய பலூனைக் காலியாக விடுவார். படத்து அப்பாவுக்குக் கண்ணாடியும் போட மாட்டார். அடி எவ்வளவு பலமோ அவ்வளவு தூரம் கண்ணாடி இறங்க வேண்டும், அடி என்னவென்று தெரியாமல் எங்கே போடுவது என்பது அவர் நியாயம். பிறகு பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். சும்மாவா? காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே அம்மாவிடம் மகள் வாயடித்துக்கொண்டிருப்பாள். வேண்டியது கிடைத்ததும் மனுஷன் மேஜைக்கு ஓடுவார்.

முதலில் அவளுக்கும் பெருமைதான். தான் சொன்னது அச்சில் வந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று, அழுகையை அடக்கிக்கொண்டு, அம்மாவிடம் மட்டும் ஒன்று கேட்டாள்.

"அப்பா மூக்கை அப்பாவே வெச்சுக்கக் கூடாதாம்மா? எனக்கு எதுக்குக் கொடுத்தார்?"

அம்மா அவளை அணைத்துக்கொண்டாள். அப்பா மேஜைக்கு ஓடினார்.

அந்த வாரம் ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே 'அப்பா மூக்கு' என்று ஆகிப்போனது. அவள் வீட்டுக்கு வந்து, அப்பாவின் மேஜையிலிருந்த காகிதக் கத்திரியை எடுத்தாள். படத்தில் இருக்கிற பெண்ணுக்கு அப்போது நடுவகிடும் இரட்டைப் பின்னலும். அவளைப் போலத் தான் இருக்கவே கூடாது என்று முன்முடியை இழுத்து நறுக்கென்று வெட்டினாள். கோணல் என்றால் அப்படி ஒரு கோணல். அடுத்த வாரமே சில்வண்டின் நெற்றியிலும் அந்தக் கோணல் ஏறிவிட்டது. ஊரில் இருந்த பெண்பிள்ளைகளெல்லாம் கத்திரியைத் தூக்கினார்கள். அந்தக் கோணல்களை நேராக்கிக் கொடுத்துத்தான் பின்னால் இவள் தொழிலே கற்றுக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டில் பூட்டிய வாய்தான். அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சொல்வாள். அப்பாவிடம் சுத்தமாகப் பேச்சு இல்லை. பேப்பரின் கடைசிப் பக்கத்தைத் திருப்பியும் பார்ப்பதில்லை. அம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் தூது போய்ப் போயே ஓய்ந்தாள். அம்மா காலமான பிறகு, கடைக்கு மேலே மாடியில் மகள் இருந்த இரண்டு அறைக்கு அப்பா வந்து சேர்ந்தார்.

"மாத்திரை?"

"போட்டாச்சு."

"சாப்பாடு மூடி வெச்சிருக்கு."

"சரி."

அப்பாவும் மகளும் பேசியது அவ்வளவுதான். ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொண்டாள். பேச்சைத் தவிர.

போன மாதம் பத்திரிகை ஆபீஸிலிருந்து கடைசிப் பக்கத்துப் பொறுப்பாளர் மாடியேறி வந்தார். "நிறுத்திடலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு சார். வாசகர்கள் எங்களை உண்டு இல்லன்னு ஆக்கிட்டாங்க. சில்வண்டுக்கு இது நாற்பதாவது வருஷம். புதுசா ஒண்ணே ஒண்ணு வரைஞ்சு கொடுங்க, போதும். சனிக்கிழமை காலையில நானே வந்து வாங்கிக்கறேன்" என்று கேட்டுக்கொண்டு போனார்.

அப்பா நடுங்கும் கையோடு மல்லுக்கட்டி வரைந்தார். மேஜையில் சாப்பிட்ட தட்டை எடுக்கப் போனவள் கண்ணில் அது பட்டுவிட்டது. முதல் கட்டத்தில் அப்பா சொல்கிறார்: "எப்பவும் நீயேதான் பேசற." இரண்டாவதில்: "இன்னிக்கு நான் ஒண்ணு கேக்கறேன்." மூன்றாவதில்: "என் மேல கோபமா?" நாலாவதில் சில்வண்டு வாயைத் திறந்திருக்கிறாள். பலூன் காலி. அப்பா முகத்தில் கண்ணாடி இல்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழே இருந்துகொண்டு, இதையும் பேப்பரில்தான் கேட்பாராமா? நேரே கேட்டால் வாய் வெந்துவிடுமா? பதில் சொன்னால் அதையும் ஊர் காப்பி குடித்துக்கொண்டே படிக்க வேண்டுமாக்கும். காலியாகவே போகட்டும் என்று நினைத்துக்கொண்டு, தட்டை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஓர் அம்மா தன் மகளோடு கடைக்கு வந்தாள். மகள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். கையில் மடித்த பேப்பர்.

"இந்த மாதிரி வேணும் ஆன்ட்டி."

"அது இங்க..." என்று ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மா சிரித்துவிட்டாள்.

"வெட்டி விட்டுடுங்கக்கா. நானும் இவ வயசுல இப்படித்தான் வெட்டிக்கிட்டு எங்கம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

கத்திரி அக்கா அந்தப் பெண்ணின் கழுத்தில் துணியைச் சுற்றினாள். எந்த நாளும் எதையும் கேட்காதவள் அன்று கேட்டாள். "இது உங்கம்மா காலத்துப் படம். இப்ப அதுல என்ன இருக்குன்னு படிக்கிற?"

பெண் யோசிக்கவே இல்லை. "அவ என்ன சொன்னாலும் அவங்கப்பா அடிக்க மாட்டார் ஆன்ட்டி. கத்த மாட்டார். கண்ணாடி மட்டும்தான் இறங்கும். எங்க வீட்டுல நான் வாயைத் திறந்தாலே 'போய்ப் படி'தான்."

அவள் அம்மா பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வந்ததைக் கேளுங்க," என்று பெண் பேப்பரை விரித்தாள். "அப்பா சொல்றார்: 'ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் சிரிக்க வெச்சுட்டேன், பார்த்தியா?' அதுக்கு இவ சொல்றா: 'வீட்டுல ஒருத்தி பாக்கி இருக்கா. அவளை எப்ப?' கண்ணாடி மூக்கு நுனிக்கே வந்துடுச்சு!"

கத்திரி அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. இதை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. குழாய்ச் சத்தத்தில்கூடச் சொன்னதில்லை. அவள் வாயைப் பூட்டிய பிறகு வரைந்தது இது. பேசாமல் போன மகள் என்னவெல்லாம் பேசியிருப்பாள் என்று அந்த மனுஷன் வருஷக்கணக்காக யோசித்திருக்கிறார். யோசித்து, தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு, தானே தோற்றுத் தோற்றுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டிருக்கிறார். பாவம் என்று இருந்தது, கோபமும் குறையவில்லை.

அன்று அவள் தன் கையால் முதன்முதலாக வேண்டுமென்றே கோணலாக வெட்டினாள். லேசில் வரவில்லை. கத்திரி தன் பாட்டுக்கு நேராகவே போனது. இரண்டு முறை சரிபார்த்து, சரியாகக் கோணலாக்கினாள். பெண் கண்ணாடியைப் பார்த்துக் குதித்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே கடையைச் சாத்திவிட்டு மாடியேறினாள். அப்பா அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார், காதில் பேனா.

"அப்பா."

கூப்பிட்டது இரண்டு பேருக்குமே புதிதாக இருந்தது.

"கோபம்தான்," என்றாள். "மூக்கு எப்பவோ பழகிப்போச்சு. அதுக்கப்புறம் வீட்டுல ஒருத்தி வாயே திறக்கலயே, ஏம்மான்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

அப்பா அவளைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார். "கேட்டா நீ சொல்லியிருப்ப."

"சொன்னா என்ன?"

"அதையும் வரைஞ்சிருப்பேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதாம்மா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம், அந்த மூக்கு, குழாயைத் திறந்து வைத்த நாட்கள், அம்மா கடைசியில் படுக்கையில் கிடந்தபோது இவர் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாதது, எதையும் விடவில்லை. போட்ட காப்பி ஆறி ஆடை கட்டியது. நடுவில் எங்கேயோ அவள் ஒன்று சொல்ல, பழக்கதோஷத்தில் அப்பாவின் கை காதிலிருந்த பேனாவுக்குப் போனது.

அவள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

அப்பா பேனாவை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். "நீ சொல்லு," என்றார். அவர் கண்ணாடி நிஜமாகவே மூக்கில் இறங்கியிருந்தது. அதை ஏற்றிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை பத்திரிகைக்காரர் வந்து படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாலாவது கட்டத்தில் கண்ணாடி அப்பாவின் மூக்கில் இல்லை, காலடியில் தரையில் கிடந்தது.

"அடேயப்பா, இந்த அளவுக்கு இறங்கினதே இல்லையே!" என்றவர் முகம் மாறியது. "சார், பலூன் காலியா இருக்கே. பொண்ணு என்ன சொன்னான்னு எழுதலயே?"

அடுப்படியில் காப்பி கலக்கிக்கொண்டிருந்த மகள் கையை நிறுத்தினாள்.

"நிறையச் சொன்னா," என்றார் அப்பா. "அது எங்க வீட்டு விஷயம்."