துள்ளும் சக்கரமும் மச்சானின் காலும்

காரின் பின்சக்கரம் துள்ளியதை முதல்முறை பார்த்தபோது சிரித்தேன். பத்தாவது முறை ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன்.

நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கராஜில் எனக்கு வேலை. கொழுந்து லொறிகளைப் பழுது பார்ப்பேன். நசுங்கிக் கிடந்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரொன்றை வாங்கி, இரண்டு வருடம் மல்லுக்கட்டி எழுப்பி நிறுத்தினேன். அந்த மாதக் கடைசியில் மலையேற்றக் கார்ப் பந்தயம். ஓட்டப் போவது மச்சான், என் அக்கா புருசன், எங்கள் தோட்டத்து லொறி டிரைவர். அந்த வளைவுகளில் அவரைப் போல ஓட்ட வேறு ஆள் கிடையாது. நான் ஓட்டினால் முதல் வளைவிலேயே தேயிலைக்குள் போய்விடுவேன்.

லொறியின் பின்சக்கரங்கள் ஒரே இரும்பு அச்சில் சேர்ந்திருக்கும். இந்தக் காரில் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்கும். அதைத் தாங்கும் இரும்புக் கைகளின் மூட்டுகளிலெல்லாம் புஷ் என்கிற ரப்பர் வளையம். வேகமாகக் கிளப்பினால் சக்கரம் தரையைப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். கார் முன்னால் போகாமல் நின்ற இடத்திலேயே தடதடவென்று குதிக்கும்.

டயரில் காற்றைக் குறைத்தேன். ஷொக் எப்சோபரை மாற்றினேன். லொறிக்குச் செய்வது போல பின்னால் மணல் மூட்டை ஏற்றினேன். மூட்டையும் சேர்ந்து குதித்ததுதான் மிச்சம்.

ஒருநாள் காலை, வேலைக்கு ஆள் திரட்டும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடித்தும் ஆட்கள் கொழுந்து மலைக்குக் கலையவில்லை. வேடிக்கை பார்க்க நின்றார்கள். மச்சான் காரைக் கிளப்பினார். குதித்தது. களமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கிளச்ச விடத் தெரியுதா ஒங்களுக்கு? ஒங்க காலு லொறி மிதிக்கத்தான் லாயக்கு!"

அவர் இறங்கிச் சாவியை பொனட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். அக்கா மூன்று நாள் என் முகத்தில் விழிக்கவில்லை.

வீம்புக்கு நானே ஏறிக் கிளப்பினேன். நாலு குதி குதித்து, பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் முறிந்தது. அதைக் கழற்றக் காருக்கடியில் படுத்தபோதுதான் ஒரு புஷ்ஷில் கை பட்டது. சக்கரத்தை ஆடாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டிய ரப்பர், ஊறிய ரொட்டி போல விரலோடு பிய்ந்து வந்தது. மோந்து பார்த்தேன். கழிவு ஒயில்.

எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவினால், பூசைக்கு முன்னால் அடியெல்லாம் கழிவு ஒயில் அடிப்போம். மலைப் பனிக்கும் மழைக்கும் இரும்பு துரு பிடிக்காதாம். லொறிக்கு அது சரி, அடியில் எல்லாம் இரும்பு. இந்தக் காருக்கும் ஒரு வெள்ளி தவறாமல் அடித்தேன், பொட்டு வைத்து எலுமிச்சம்பழமும் நசுக்கினேன். ரப்பருக்கு எண்ணெய் விஷம் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். கை பழக்கத்தில் செய்தது, புத்தி கூடப் போகவில்லை.

பதுளை டவுனில் தேடிப் பிடித்துக் கெட்டி ரப்பர் புஷ் வாங்கிப் போட்டேன். ஷாஃப்டையும் மாற்றிக் கிளப்பினேன். ஒரு துள்ளல் இல்லை. சந்தோஷப்படவும் முடியவில்லை. நேரே மச்சானின் லயத்து வீட்டுக்குப் போனேன்.

"தப்பு என்னோடது மச்சான். ஒங்க கால்ல ஒண்ணுமில்ல."

"இங்க வந்து காதுல சொல்றியா?" என்றார், தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே. "திட்டுனது எங்க?"

மறுநாள் பெரட்டுக் களத்தில், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு முடித்ததும், முன்னால் போய் நின்றேன். "காரு குதிச்சது நான் அடிச்ச ஒயிலாலங்க. அவரு காலால இல்ல," என்றேன். அன்றைக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது.

மச்சான் சிரிக்கவில்லை. கராஜுக்குள் போய்க் கழிவு ஒயில் டின்னைத் தூக்கி வந்து தன் லொறியில் ஏற்றினார்.

"இது என்கிட்ட இருக்கட்டும் மாப்பிள," என்று கையை நீட்டினார். "சாவியக் குடு."